நூரீஸ் என்னும் செவிலித்தாய்

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு 'நூரீஸ்' என்ற சொல் தெரிந்திருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்க அமர்த்தப்படும் செவிலித்தாய் என்று பொருள். பெரிய வீட்டுக் கதைகளில் எல்லாம் ஒரு நூரீஸ் வருவாள். ஆனால் பிரெஞ்சுப் படகுக்காரன் 'நூரீஸ்' என்று சொன்னால் வேறு பொருள். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து, குழாய் மாட்டி எண்ணெய் ஊட்டுகிற கேன்தான் அவனுக்கு நூரீஸ். எஞ்சின் கைக்குழந்தை, கேன் அதன் செவிலி. எவ்வளவு பொருத்தமாகப் பேர் வைத்தான் பாருங்கள்!

இதே பிரெஞ்சு இன்னொரு குழப்பமும் செய்யும். 'பெத்ரோல்' என்றால் அவனுக்கு நிலத்தடி எண்ணெய்; விளக்குக்கு ஊற்றுவதையும் அந்தப் பெயரால்தான் சொல்வான். நம் பாட்டிமார் கிருஷ்ணாயில் என்றார்களே, அது. நாம் பெட்ரோல் என்பதை அவன் 'எசான்ஸ்' என்பான். வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு பெயரோடு வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு எது எந்த எண்ணெய் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. படகில் எண்ணெய் ஏற்றிப் போன கதையைப் படிக்கும்போது அந்தப் பழக்கம் உதவுகிறது. எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்தும்.

பாய்மரக் காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. காற்று நின்றால் படகும் நிற்கும், காற்று வந்தால் போகும். எஞ்சின் வந்த பிறகுதான் "திரும்பி வர எண்ணெய் இருக்கிறதா?" என்ற கேள்வி பிறந்தது. பெரிய கப்பலுக்கு அடிவயிறு முழுக்கத் தொட்டி கட்டலாம். முப்பது நாற்பது அடிப் படகுக்கு என்ன செய்வது? ஆளுக்கு இடம் விட்டால் எண்ணெய்க்கு இடமில்லை, எண்ணெய்க்கு விட்டால் ஆள் அதன்மேல் படுத்துத் தூங்க வேண்டும்.

முதலில் கையில் கிடைத்தது தகர டின். நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சதுர டின், நாலு காலன், ஏறக்குறைய 18 லிட்டர். எண்ணெய் தீர்ந்ததும் மேல் மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர்க் குடம். பிரித்து விரித்தால் கூரைத் தகடு. கடையில் அரிசி டின், வீட்டில் முறுக்கு டின். இந்த டின்னுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. 1892இல் மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர் 'மியூரெக்ஸ்' என்ற தொட்டிக் கப்பலில் மண்ணெண்ணெயை அப்படியே கொட்டி நிரப்பி, சூயஸ் கால்வாய் வழியாக ஆசியாவுக்கு அனுப்பினார். அதுவரை அமெரிக்க எண்ணெய் டின்களில் அடைத்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியில் வைத்துத்தான் வந்துகொண்டிருந்தது. டின் செலவு மிச்சம், மக்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து மலிவாக வாங்கிப் போவார்கள் என்று சாமுவேல் கணக்குப் போட்டார். மக்கள் வரவில்லை. எண்ணெயைவிட டின் முக்கியமாக இருந்தது அவர்களுக்கு! கடைசியில் அவரும் தகடு வரவழைத்து, இங்கேயே டின் செய்து, பளிச்சென்று சிவப்பு வண்ணம் அடித்து விற்றார். அந்தக் குடும்ப வியாபாரம்தான் பிறகு ஷெல் கம்பெனி ஆயிற்று.

வீட்டுக்கு நல்ல டின், படகுக்கு ஆகாது. ஓரம் மடித்துப் பற்றவைத்த மெல்லிய தகரம். உப்புக் காற்று பட்டால் துரு, ஆட்டம் கண்டால் பற்று விடும். அடுப்பங்கரையில் ஒரு சொட்டுக் கசிந்தால் துணியால் துடைக்கலாம். படகில் கசிந்தால் அது அடித்தளத்துக்குப் போய்த் தங்கிவிடும்.

அங்கேதான் எண்ணெய் வகை பேசும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது, தண்ணீர் போலத் தாழ்வான இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கரையில் என்றால் வாசல் வழியாக வெளியேறிவிடும். படகு என்பது வாசலே இல்லாத ஒரு தொட்டி அல்லவா? பல்வேறு குளிர் நாடுகளின் உறைபனியிலும் பெட்ரோல் ஆவி விடும். ஒரு சுவிட்சின் பொறி போதும். டீசலும் மண்ணெண்ணெயும் அப்படியல்ல, நன்றாகச் சூடேறினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். அதனால்தான் பழைய படகோட்டிகள் எரிபொருளைத் தேர்ந்தெடுத்ததில் அவரவர் துணிச்சலும் தெரிகிறது.

1912ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானிக் மூழ்கி மூன்று மாதம் ஆகிறது. உலகமே கடலை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஜூலையில், அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகு அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1902 ஜூலையில், இன்னொரு சின்னப் படகு அப்படிப் போயிருந்தது. 1902இல் போனது 'ஏபியல் ஆபட் லோ', 38 அடி. நியூமன் என்ற தந்தையும் பதினாறு வயது மகனும் மட்டும். எஞ்சின் 10 குதிரைத்திறன், மண்ணெண்ணெயில் ஓடுவது. 1912இல் போனது 'டெட்ராய்ட்', 35 அடி. படகுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான தாமஸ் ஃப்ளெமிங் டே தலைமையில் நால்வர். 16 குதிரைத்திறன் எஞ்சின், ஆனால் பெட்ரோல். நம் ஊரில் இன்று ஒரு ஸ்கூட்டருக்கு இருக்கிற பலத்தைவிடக் கொஞ்சம் கூடக்குறைய, அதை நம்பி ஒரு மகாசமுத்திரம்.

மண்ணெண்ணெய்ப் படகு 36 நாளில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தது. வழியில் தொட்டிகள் கசிந்து, மண்ணெண்ணெய் படகுக்குள்ளேயே பரவி, அப்பனும் மகனும் அந்த வாடையிலேயே நாள் கழித்தார்கள். ஒன்று கவனியுங்கள். அதே கசிவு 'டெட்ராய்ட்' படகின் பெட்ரோல் தொட்டியில் நடந்திருந்தால் அந்தக் கதையைச் சொல்ல ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். டே அதிர்ஷ்டக்காரர் மட்டுமல்ல, கவனக்காரரும்கூட. மூன்று வாரத்தில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தார். டைட்டானிக் கடைசியாக நின்று கிளம்பிய துறைமுகம் அதுதான். அங்கிருந்து மேலும் ஓட்டி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போனார்.

அடுத்து எனக்கு மிகப் பிடித்த மனிதர், மரேன் மாரி. கடற்படையின் அதிகாரபூர்வ ஓவியர் என்ற பட்டம் பெற்ற பிரெஞ்சுக்காரர். சொந்தப் பெயர் மூச்சு வாங்க வைக்கிற நீளம், அதனால் கையெழுத்தில் இருந்த சின்னப் பெயரே நிலைத்துவிட்டது. 1933இல் பாய்மரப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தவர். அது போதாதென்று 1936இல் 'ஆரியேல்' என்ற 13 மீட்டர் மோட்டார் படகில் நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாக லெ ஹாவ்ருக்குக் கிளம்பினார். ஜூலை 23 புறப்பாடு, 19 நாளில் கரை. மார்சேய்க்காரர்களின் பொதுவேன் டீசல் எஞ்சின், 75 குதிரைத்திறன்.

இவர் எண்ணெயைக் கேனிலோ டின்னிலோ ஏற்றவில்லை. ஐயாயிரம் லிட்டருக்கு மேல் டீசல், படகின் உடம்போடு சேர்ந்த தொட்டிகளில். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு டன்னுக்கு மேல் பாரம். எடுத்துப் போவது ஒரு பிரச்சினை என்றால், அது தீர்ந்துகொண்டே போவது இன்னொரு பிரச்சினை. கிளம்பும்போது கழுத்து வரை அமிழ்ந்திருந்த படகு, பாதிக் கடலில் இலேசாகி மேலே எழும்பும். அரைகுறைத் தொட்டியில் எண்ணெய் ஒரு பக்கமாகப் பாயும். படகு இடது பக்கம் சாய்ந்தால் எண்ணெயும் இடது பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். தலையில் தண்ணீர்த் தவலை தூக்கியவர்களைக் கேளுங்கள். தளும்பாமல் நிறைந்த தவலையைவிடப் பாதித் தவலைதான் ஆளைத் தள்ளும். அதற்குத்தான் தொட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள் வைப்பது, ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் பல சிறு தொட்டியாகப் பிரிப்பது, இரண்டு பக்கமும் சமமாக இறக்கி வருவது எல்லாம். ஒருவரே ஆளாக இருந்ததால் படகைத் தானாகத் திருப்ப ஒரு காற்றுத் தகடு ஏற்பாடும் வைத்திருந்தார். மரேன் மாரி தன் இரண்டு பயணங்களையும் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஓவியர் எழுதிய புத்தகம் என்பது படிக்கும்போதே தெரியும்.

இனி கேன் கதைக்கு வருவோம். இன்று படகு, ஜீப், ஜெனரேட்டர் எங்கே பார்த்தாலும் 'ஜெரி கேன்' என்கிறோமே, அதில் வரும் 'ஜெரி' யார் என்று ஒருவர் என்னைக் கேட்டார். ஜெர்மானியனுக்கு ஆங்கிலேயச் சிப்பாய் வைத்த கேலிப் பெயர். 1937 வாக்கில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட 20 லிட்டர் கேன் அது. இரண்டு பாதித் தகட்டை அழுத்தி எடுத்து, விளிம்பை உள்ளடங்க வைத்து வெல்டிங் செய்தார்கள். இடித்தாலும் மூட்டு உடையாது. மேலே மூன்று கைப்பிடி: வெறும் கேன் என்றால் ஒருவன் கைக்கு இரண்டாக நாலு தூக்கலாம், நிரம்பியதை இரண்டு பேர் ஆளுக்கொரு பிடியாகப் பிடிக்கலாம். மூடி நெம்புகோல், திறக்க ஸ்பானர் வேண்டாம். ஊற்றும்போது கொடகொட என்று கக்காமலிருக்க உள்ளே ஒரு காற்றுக் குழாய். முதுகில் ஒரு காற்று இடம் விட்டிருப்பதால் எண்ணெய் விரிவடைய இடமுண்டு. நிரம்பிய கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். படகுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ரகசியம் வெளியே வந்த கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு. 1939இல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர், ஒரு ஜெர்மன் நண்பரோடு பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லை. நண்பர் பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் அடுக்கி வைத்திருந்த கேன்களில் மூன்றை எடுத்து வந்துவிட்டார். பாதி வழியில் ஜெர்மன் அரசு விமானம் அனுப்பி நண்பரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் போகுமுன் கேன் செய்யும் விவரம் முழுவதையும் ப்ளைஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வந்து, காரை அங்கே ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நாளைய யுத்தத்தின் ஒரு முக்கியச் சாமான் கல்கத்தாவில் தூசி படிந்து கிடந்தது. அமெரிக்க ராணுவ அலுவலகத்தில் அவர் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தியவன் நான்; இதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. பிறகு கல்கத்தாவிலிருந்து கேனை வரவழைத்துக் காட்டினார். அப்போதும் அவர்கள் அளவையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு, வெல்டிங் மூட்டையும் நெம்புகோல் மூடியையும் விட்டுவிட்டார்கள். எது உயிரோ அதை விட்டு எது உடம்போ அதை எடுத்துக்கொண்டார்கள்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயர் கையில் இருந்ததோ நம்ம பழைய நாலு காலன் டின். 'ஃப்ளிம்ஸி' என்று சிப்பாய்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், அதாவது நொய்ந்தது. லாரியில் குலுங்கிக் குலுங்கி மூட்டு விட்டு, பெட்ரோல் மணலில் போயிற்று. கிடங்கிலிருந்து வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் 30 சதவீதம் வரை வீண் என்று படைத்தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். (பிறகு இந்தியாவில் ஆங்கிலேயப் படையின் கடைசித் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவரேதான்.) வெற்று டின்னை வெட்டி, மணல் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி டீ போட மட்டும் அது நன்றாக உதவியது. எதிரியிடமிருந்து பிடித்த ஜெர்மன் கேன் ஒவ்வொன்றையும் சிப்பாய்கள் பொன் போலப் பத்திரப்படுத்தினார்கள். கடைசியில் ஆங்கிலேயர் மானம் பாராமல் அதை அப்படியே நகல் எடுத்துச் செய்தார்கள்.

இன்று நம் கடற்கரையில் ஜெர்மன் கேனும் இல்லை, நாலு காலன் டின்னும் இல்லை. பிளாஸ்டிக் கேன்தான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நடைப்பயிற்சியின்போது, கேனில் டீசல் வாங்கி வந்த ஒரு மீனவரிடம், "ஏம்ப்பா, இன்னும் கொஞ்சம் ஊத்தலாமே, மேலே இடம் இருக்கே" என்றேன். "வேணாங்கய்யா. கழுத்து வரைக்கும் ரொப்பினா வெயில்ல வவுறு ஊதிக்கும், மூடி வழியாக் கக்கிடும்" என்றார். புத்தகமும் அதையேதான் சொல்கிறது. பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு விரியும். காலையில் நிரப்பிய 20 லிட்டர் கேன் மத்தியானத்தில் இருபது டிகிரி கூடினால் நானூறு மில்லி இடம் கேட்கும். புத்தகம் சொல்லும் இன்னொன்றும் உண்டு: பெட்ரோல் கேனைப் படகிலோ வண்டியிலோ வைத்தபடி நிரப்பக் கூடாது, இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். ஊற்றும்போது உண்டாகும் மின்னேற்றம் மண்ணுக்கு இறங்க வழி வேண்டுமே. கேனைப் படகறைக்குள் பூட்டாமல் காற்றாட மேல்தட்டில் கட்டி வைப்பதும் ஆவி தங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

உள்ளே வைத்தால் ஆவி, மேலே வைத்தால் சாய்வு. அப்படியானால் எண்ணெயைப் படகிலேயே வைக்காமல் போனால் என்ன? சிரிக்காதீர்கள், அப்படியும் ஒருவர் செய்தார்.

பென் கார்லின் ஆஸ்திரேலிய எஞ்சினியர். யுத்தத்தின்போது இந்திய ராணுவத்தில் மேஜர். 1946இல் வங்காளத்தில் கலைகுண்டா விமானத் தளத்தில், நீரிலும் நிலத்திலும் ஓடும் ஒரு ஜீப் கிடப்பதைப் பார்த்தார். ஃபோர்டு கம்பெனி யுத்தத்துக்காகச் செய்தது, ஆறு குளம் தாண்டுவதற்காக. இதில் உலகத்தையே சுற்றலாம் என்று கார்லினுக்குத் தோன்றியது. கூட இருந்தவர் நம்பவில்லை. வீம்பு ஏறிவிட்டது. மறுபடியும் கல்கத்தா பக்கம்தான், பாருங்கள்!

அமெரிக்கா போய், ஏலத்தில் அப்படி ஒரு ஜீப்பை வாங்கினார். 'ஹாஃப் சேஃப்' என்று பெயர் வைத்தார். பாதிப் பத்திரம் என்று அர்த்தம். ஒரு வியர்வை நாற்ற மருந்தின் விளம்பரத்திலிருந்து எடுத்த பெயர். நீளம் பதினைந்து அடிதான். அதன் சொந்தத் தொட்டியில் ஐம்பது சொச்சம் லிட்டர் பிடிக்கும். அட்லாண்டிக்குக்கு அது நாக்கு நனைக்கக் காணாது. மேலே ஒரு சின்ன அறை கட்டி, மூக்கில் ஒரு தொட்டி, வயிற்றுக்கடியில் ஒரு தொட்டி வைத்தார். அப்படியும் போதாமல், கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் போக ஒரு மிதக்கும் தொட்டி. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, அதனால் நிறைந்த தொட்டியும் மிதக்கும் என்பதுதான் கணக்கு. கன்றுக்குட்டி பசுவின் பின்னால் போகும். இங்கே பசு கன்றின் பின்னால் மிதந்து வந்தது.

யோசனை சரி, கடல் ஒத்துக்கொள்ளவில்லை. 1948 ஜூன் மாதம் மனைவி எலினோரோடு முதல் முயற்சி. அந்த அடைத்த அறைக்குள் எஞ்சின் புகை புகுந்து இருவருக்கும் தலை சுற்ற, திரும்ப வேண்டியதாயிற்று. எரியாத ஆவி ஒரு எமன் என்றால் எரிந்த புகை இன்னொரு எமன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. அடுத்த முறை நடுக்கடலில் எந்திரம் கைவிட்டு, பல நாள் மிதந்து, ஒரு எண்ணெய்க் கப்பல் வந்து தூக்கிப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த முயற்சிகளில் இழுவைத் தொட்டிதான் கழுத்தை அறுத்தது. அலை ஒரு பக்கம் ஜீப்பை இழுக்க, தொட்டி மறுபக்கம் இழுக்க, எவ்வளவு நாள் தாங்கும்? வெளியே வைத்தால் தீப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் வெளியே வைத்தது எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம். அது போனால் போன பாதைக்கும் எண்ணெய் இல்லை, வந்த பாதைக்கும் இல்லை.

1950 ஜூலை 19இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து மறுபடி புறப்பட்டார்கள். எலினோருக்கு வழி முழுக்க வாந்தி மயக்கம். அவர் எப்படித் தாங்கினார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம். பேர் என்னவோ கார்லினுக்குத்தான். படுக்க, சமைக்க, எஞ்சின் கழற்ற எல்லாம் பெட்ரோல் தொட்டிகளுக்கு நடுவே ஒரே கூண்டு. ஒரு மாதம் கழித்து அசோர்ஸ் தீவுக் கூட்டத்தின் ஃப்ளோரஸில் கரை ஏறினார்கள். பிறகு மதேரா தீவு, அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரை, ஐரோப்பா, இங்கிலாந்து. 1955இல் மீண்டும் கிளம்பி, துருக்கி, ஈரான் வழியாக நம் நாட்டைக் குறுக்கே கடந்து கல்கத்தா வந்து சேர்ந்தது அந்த ஜீப். எலினோர் அந்தக் கட்டத்தோடு விலகிக்கொண்டார். கார்லின் வேறு துணையோடு பர்மா, சயாம், இந்தோசீனா என்று கிழக்கே போய், ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குக் கடலில் ஓட்டி, 1958 மே மாதம் கனடாவின் மோன்றேயாலில் பயணத்தை முடித்தார். கிளம்பிப் பத்து வருஷம்.

1981இல் கார்லின் காலமானார். ஜீப் இன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் கில்ஃபோர்டு என்ற ஊரில், அவர் படித்த பள்ளிக்கூடத்தில் காட்சிக்கு நிற்கிறது.